மேடைக்கு வராத பிள்ளைகள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாணவ மாணவியர் பாராட்டு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கல்வியின் சிறப்பு என்ற தலைப்பில் பத்து நிமிடம் உரையாற்றுமாறு அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். இதே தலைப்பில் இதே மேடையில் நான் பல ஆண்டுகள் பேசியாயிற்று. நான் எங்கே தொடங்கி எங்கே முடிப்பேன் என்பது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு மனப்பாடம். ஆகவே நிர்வாகத்தின் அனுமதியோடு இன்று அத்தலைப்பைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் படிக்கும் நம் பிள்ளைகளின் நலனைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மதிப்பெண்ணைப் பற்றியன்று, பிள்ளையைப் பற்றி.

இதற்குக் காரணம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான அன்று, அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதிக மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளின் பெயர்களை நானே வாசித்தேன். நல்ல செய்தி நாலு பேருக்குத் தெரியட்டும் என்ற எண்ணந்தான். மறுவாரம் ஒரு தாய் தம் மகனுக்காக துஆச் செய்யச் சொல்லி வந்தார். இரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறாத பிள்ளை. "ஹஜ்ரத், அன்றைக்கு நீங்கள் பெயர் வாசித்து முடிக்கும் வரை அவன் கதவைத் திறக்கவில்லை, ஒலிபெருக்கி நின்ற பிறகுதான் வெளியே வந்தான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். ஆனால் எனக்கு அன்று இஷாத் தொழுகையில் ஓதுவதற்கு நாவு எழவில்லை.

பரிசு பெற்ற பிள்ளைகள் இதைக் கேட்டு மனம் சுருங்க வேண்டாம். உங்கள் உழைப்புக்கு இந்தப் பாராட்டு தகும். நான் சொல்ல வருவது வேறு. நமது மாநில அரசே 2017-ஆம் ஆண்டிலிருந்து பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் மனநிலையை எண்ணி எடுத்த முடிவு அது. அரசு நிறுத்திய பட்டியலை நாம் ஒலிபெருக்கியில் ஏற்றியிருக்கிறோம். தேர்ச்சி பெறாத பிள்ளைக்கு அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு உண்டு. எழுதித் தேறினால் ஓராண்டு வீணாவதில்லை. இந்தச் செய்தியை அல்லவா அன்று நான் வாசித்திருக்க வேண்டும்? மனம் உடைந்த பிள்ளையோ பெற்றோரோ 104 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும் என்பதையும் சேர்த்து வாசித்திருக்கலாம்.

உயர்நிலைப் பள்ளிப் பருவம் என்பது என்ன? குரல் உடைகின்ற, மீசை அரும்புகின்ற, பெண்பிள்ளைகள் திடீரெனப் பேச்சைக் குறைத்துக்கொள்கின்ற பருவம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வயிறு வலித்தால் அழுதுகொண்டே சொல்லிவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லாது. தலைவலி என்று படுத்துக்கொள்ளும். அல்லது எவரோடாவது சண்டை போடும். அல்லது பள்ளிக்குப் போகிறேன் என்று புறப்பட்டுப் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருக்கும். நாம் அதைத் திமிர் என்கிறோம். அந்த வகுப்பின் ஆசிரியரோ, நாற்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டு, வருகைப் பதிவு, விலையில்லாப் பொருட்களின் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம், கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறார். பாடமும் நடத்த வேண்டும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நானே ஒரு குறைக்கு ஆளானவன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் செய்வது முறையன்று.

பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. காலையில் நம் மக்தபுக்கு ஓத வரும் பிள்ளைகளுள் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒருவன் இருந்தான். நல்ல குரல், நல்ல நினைவாற்றல். சில மாதங்களாக உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினான். ஒருநாள் கண்டித்தேன். இரண்டாம் நாள் எழுந்து நிற்கச் சொன்னேன். பிறகு அது வழக்கமாயிற்று. வந்தவுடன் அவனே போய்ச் சுவரோரம் நின்றுகொள்வான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு வாரம் வரவில்லை, ஒரு மாதம் வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். விசாரித்தபோது பள்ளிக்கூடத்தையும் நிறுத்தியிருந்தான். அவன் அத்தாவுக்கு ஒரு விபத்தில் கால் முறிந்து வேலைக்குப் போக முடியாமல் இருந்ததும், இவன் இரவில் ஒரு பிரியாணிக் கடையில் வெங்காயம் உரித்து, தேக்சா கழுவி, ஒரு மணிக்கு வீடு திரும்பி, நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு ஸுப்ஹுக்கு எழுந்து வந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அவனை மக்தபுக்கு அனுப்பாமல் இருந்துவிட அவன் தாய்க்கு மனம் வரவில்லையாம். ஓதலாவது விட்டுப்போகாமல் இருக்கட்டும் என்றாராம்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஏனப்பா தூக்கம் வருகிறது?" அதை நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் எவரும் கேட்கவில்லை போலும். அப்போது நம் பைத்துல்மாலில் பணம் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கு அரிசி மளிகை வாங்கிக் கொடுத்திருந்தால் போதும். அவன் இன்று சுமை ஏற்றும் ஆட்டோ ஓட்டுகிறான். உழைத்து உண்ணுகிறான், அதில் இழிவு ஏதுமில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆவுக்கு வந்து எனக்கு முதல் ஆளாக ஸலாம் சொல்கிறான். ஒவ்வொரு முறையும் பதில் ஸலாம் சொல்ல எனக்குச் சற்றுத் தாமதமாகிறது.

இத்தனைக்கும் நான் மதரஸாவில் ஓதியவன். ஹதீஸ் கிதாபுகளில் அபூ உமைர் என்ற சிறுவரைப் பற்றிய செய்தி வருவதை நீங்கள் அறிவீர்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி. அவரிடம் ஒரு சிறு குருவி இருந்தது, அதனோடு விளையாடுவார். அது இறந்துவிட்டது. பிள்ளை வாடியிருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவருக்கு ஏன் இந்த வாட்டம் என்று வினவினார்கள். குருவி இறந்த செய்தி சொல்லப்பட்டதும், அந்தச் சிறுவரைப் பட்டப்பெயரிட்டு அழைத்து, உமது குருவி என்னவாயிற்று என்று அவரிடமே கனிவோடு விசாரித்தார்கள். ஒரு குருவியின் சாவு. அதற்கு ஒரு விசாரிப்பு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னுல் காஸ் என்ற ஷாபிஈ அறிஞர் இந்தச் சின்னஞ்சிறு ஹதீஸிலிருந்து மட்டும் அறுபது பயன்களை எடுத்துத் தனி ஏடு எழுதியிருக்கிறார். அந்த அறுபதையும் உஸ்தாதிடம் கேட்டுக் குறிப்பெடுத்தவன்தான் நான். ஆயினும் சுவரோரம் நின்ற பிள்ளையிடம் முதல் பயனுக்கே என்னால் வர முடியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நான் மதரஸாவில் சேர்ந்தபோது வயது பதின்மூன்று. ஊரை விட்டு வந்த ஏக்கத்தில் இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. உஸ்தாதுமார்கள் எவரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்குக் கிதாபு நடத்துவதற்கே நேரம் போதாது. கவனித்தவர் மடப்பள்ளியில் இருந்த முதிய பண்டாரி. தட்டுகளைக் கழுவி அடுக்கும்போது எண்ணுவாராம். சோறு மிஞ்சிய தட்டு எந்தப் பிள்ளையுடையது என்று பார்ப்பாராம். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, தேங்காய் துருவச் சொன்னார். பேசிக்கொண்டே துருவினேன், அழுதுகொண்டேயும் துருவினேன். அன்றிரவு சாப்பிட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாணவர் நலன் என்று இன்று கல்வித்துறை எழுதும் சுற்றறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவரின் தட்டு எண்ணும் கைதான் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் தட்டு எண்ணுகிற ஒருவர் வேண்டும். கேள்வி அவ்வளவுதான்: யார் அவர்?

நாட்டு நடப்பில் இதே கேள்வி எழுந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு பட்டியல் சமூக மாணவர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த அவருடைய தங்கையும் வெட்டுண்டார். வெட்டியவர்கள் அந்நியர்கள் அல்லர். அவரோடு பயின்ற பிள்ளைகள். பத்திரிகைகளில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் அதன் முற்பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறோம். அந்த மாணவர் உடன் பயின்றவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். பள்ளியிலிருந்து விசாரித்தார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். புகார் எழுதிக் கொடுக்கப்பட்டது. அன்றிரவே வெட்டு விழுந்தது.

பெரியோர்களே, இங்கே சற்று நிதானித்துப் பாருங்கள். என் விஷயத்தில் எவரும் கேட்கவில்லை. அதனால் ஒரு பிள்ளை படிப்பை இழந்தான். அங்கே கேட்டார்கள்; பிள்ளை வாய் திறந்தான். ஆனால் வாய் திறந்த பிள்ளைக்கு அந்த ஓர் இரவு பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. ஆகவே கேட்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பிள்ளை சொன்ன பிறகு அதை யார் பொறுப்பேற்பது, யாரிடம் கொண்டுசெல்வது, அதுவரை அந்தப் பிள்ளையை யார் காப்பது என்ற ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்த மாணவர் மருத்துவமனையில் நெடுநாள் சிகிச்சை பெற்று, 2024-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றுத் தேறினார் என்பது நெஞ்சை நெகிழ வைக்கும் செய்தி.

அந்நிகழ்ச்சிக்குப் பிறகு தமிழக அரசு, சென்னை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒரு நபர் குழுவாக நியமித்தது. அவர் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிக்கை அளித்தார். அதில் கூறப்பட்ட பலவற்றுள் சில விவாதத்துக்கு உள்ளாயின. நாளேடுகளும் அவற்றையே பெரிதாக எழுதின. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் பயிலும் ஒவ்வோர் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும் பள்ளி நல அலுவலர் என ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். பாடம் நடத்துவது அவர் வேலையன்று. பகடிவதை, போதைப்பொருள், பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கவனித்து நடவடிக்கைக்குக் கொண்டுசெல்வதே வேலை. தட்டு எண்ணுகிறவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார் நீதிபதி. இங்கிலாந்து நாட்டில் ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான மூத்த பணியாளர் ஒருவர் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்பது விதி; அந்தப் பிள்ளைகளுக்கு யாரிடம் போவது என்று தெரியும். நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், தெரியுமா என்று. நான் கேட்டேன். ஒருவன் "வாட்ச்மேனிடம்" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னான். அந்தக் காவலாளி நல்லவராக இருக்க வேண்டும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வதும் நியாயமன்று. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி வைக்கப்பட்டது. பெயர் எழுதாமலும் பிள்ளைகள் குறையை எழுதிப் போடலாம். பள்ளிக் கல்வித்துறை 2018-இல் 14417 என்ற உதவி எண்ணைத் தொடங்கியது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 நாடெங்கும் அறிந்தது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் 2022-இல் வந்தது. 2024-இல் 'மகிழ் முற்றம்' என்று அரசுப் பள்ளி மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரித்து, வகுப்பு வேறுபாடின்றிப் பழக வழி செய்தார்கள். எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆயினும் எண் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் கையில் தொலைபேசி இல்லை. இருந்தாலும் பக்கத்தில் ஆள் இருக்கிறது. பெட்டியோ தலைமை ஆசிரியர் அறைக்கு எதிரே இருந்தால், எவன் எழுதிப் போடுகிறான் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். ஏற்பாடு வேறு, அதை எட்டும் துணிவு வேறு. அந்தத் துணிவைப் பெரியவர்கள்தாம் ஊட்ட வேண்டும்.

அடுத்துச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியிலோ, தனிப்பயிற்சி வகுப்பிலோ, மக்தபிலோ, வீட்டிலோ, ஒரு பிள்ளையிடம் எவரேனும் தகாத முறையில் நடந்துகொண்டதாகத் தெரியவந்தால், அதை ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடித்துக்கொள்ள எவருக்கும் அதிகாரம் இல்லை. தலைவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. குடும்ப மானம், முஹல்லாவின் பெயர், பெண்பிள்ளையின் எதிர்காலம் என்று எந்தக் காரணம் சொன்னாலும் இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் ஒருபுறமிருக்கட்டும். சமரசம் பேசப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்வது ஒன்றைத்தான்: நம்மைவிட இவர்களுக்கு நம்மைத் தொட்டவன் பெரியவன். நம் பிள்ளை அப்படித் தெரிந்துகொள்ள நாம் விடலாமா? குற்றம் சாட்டப்பட்டவர் தாடி வைத்தவராக, தலைப்பாகை அணிந்தவராக இருந்தாலும் இதே விதிதான். என் போன்றவர்களைப் பற்றியே இதைச் சொல்கிறேன்.

அடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று சொல்லும் அத்தாமார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் கொடுமையையும் ஒருங்கே தடை செய்கிறது. அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதற்கென ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார்: கடுமையில் வளரும் பிள்ளை சோம்பலையும் பொய்யையும் கற்றுக்கொள்கிறான், அடிக்குப் பயந்து உள்ளொன்று புறமொன்றாக நடக்கப் பழகுகிறான் என்பது அவர் கருத்து. அவர் சொன்னது சரி என்பதற்குச் சுவரோரம் நின்ற என் மாணவனே சாட்சி. நான் கேட்டிருந்தாலும், அந்த நிலையில் அவன் என்னிடம் உண்மையைச் சொல்லியிருப்பானா என்பதே ஐயம். பயத்தை வளர்த்துவிட்டு உண்மையை எதிர்பார்க்க முடியாது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நம் ஜமாஅத் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. இன்றைய பரிசுப் பட்டியலில் பாதிக்கு மேல் அவர்கள்தாம். 2006-இல் நீதிபதி ராஜீந்தர் சச்சார் குழு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள நாட்டின் முஸ்லிம் பிள்ளைகளுள் நான்கில் ஒரு பங்கினர் பள்ளிக்குச் சென்றதே இல்லை அல்லது இடையில் நின்றவர்கள் என்று எழுதியபோது நாம் தலைகுனிந்தோம். தமிழகத்தின் நிலை வடநாட்டைவிட எவ்வளவோ மேல். ஆயினும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் "போதும்" என்று சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்கு வேன் ஏறும் பிள்ளைகளும் உண்டு. பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்கு நிக்காஹ் எழுத என்னிடம் வருவது வீண் அலைச்சல் என்பதை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன்; வேறு ஊரில் எழுதிக்கொள்வோம் என்று சொல்பவர்கள், அந்த ஊர் இமாமுக்கும் நான் தொலைபேசியில் பேசுவேன் என்பதை நினைவில் கொள்க. (சிரிப்பு.) சிரிக்கிறீர்கள், இரண்டு முறை பேசியிருக்கிறேன்.

இனி நாம் செய்யக் கூடியது என்ன என்பதற்கு வருகிறேன். பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

அரசுப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் முஹல்லாத் தாய்மார்கள் சிலரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள் என்று கேட்டேன். கையெழுத்துக்கு ஆள் வரும்போது போடுகிறோம் என்றார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, புகார்ப் பெட்டியை யார் திறக்கிறார்கள், நீண்ட நாள் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்க உரிமை படைத்தவர்கள் நீங்கள். பெண்பிள்ளைகள் கழிப்பறைக்கு அஞ்சியே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பதை எந்த அதிகாரியும் கண்டுபிடிக்க மாட்டார். ஒரு தாய் கண்டுபிடிப்பார். தாழ்ப்பாள் சிறு விஷயம் என்று எண்ண வேண்டாம். பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் நம் திண்டுக்கல். ஒரு தாழ்ப்பாளுக்கா பஞ்சம்?

நம் பிள்ளைகள் பயிலும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியை இருக்கிறார். நம் சமுதாயத்தவர் அல்லர். முதல் பாடவேளை முடிந்ததும், வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தம் சொந்தத் தொலைபேசியில் பேசுகிறார். ஏன் வரவில்லை என்று அதட்டுவதில்லையாம், "நல்லாயிருக்கானா?" என்று கேட்பாராம். பாதி வீடுகளில் எடுப்பதில்லை. சில அத்தாமார்கள், "இதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க?" என்று வைத்துவிடுகிறார்களாம். அவரை எனக்குத் தெரியவந்ததே இந்த வருத்தத்தை அவர் ஒருவரிடம் சொல்ல, அது என் காதுக்கு வந்ததால்தான். அந்த அம்மையாரின் அழைப்பை எடுத்து மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். எடுக்க முடியாத வேலையில் இருப்பவர்கள் மாலையிலாவது திரும்ப அழையுங்கள். ஆசிரியருக்கு நாம் செய்யக் கூடிய உதவிகளில் இதைவிடச் செலவு குறைந்தது வேறில்லை.

நிர்வாகத்திடம் என் விண்ணப்பம் இது. பைத்துல்மாலிலிருந்து ஆண்டுதோறும் பரிசுக் கேடயங்களுக்கு ஒதுக்கும் தொகை நிற்க வேண்டாம். அதே அளவு தொகை இன்னொன்றையும் தனியே ஒதுக்குங்கள். வீட்டில் திடீர்த் துன்பம் நேர்ந்ததால் படிப்பு நிற்கும் நிலையிலுள்ள பிள்ளைகளுக்கு, கமிட்டிக் கூட்டம் வரை காத்திராமல் உடனே கொடுக்கும் வகையில் அது இருக்கட்டும். பெயர் அறிவிப்புப் பலகையில் வர வேண்டாம். ஆண்டறிக்கையிலும் தொகை மட்டும் போதும். ஆண்களில் ஒருவர், பெண்களில் ஒருவர் என இரண்டு பேரை நியமியுங்கள். வசதியானவர்களாகத் தேட வேண்டாம். வாய் இறுக்கமானவர்களாகத் தேடுங்கள். அவர்கள் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களைச் சந்தித்து, எங்கள் முஹல்லாப் பிள்ளை எவரேனும் தொடர்ந்து வராவிட்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள் என்று தம் எண்ணைக் கொடுத்துவிட்டு வரட்டும். தெரிந்துகொண்ட செய்தியைத் தம் வீட்டிலும் சொல்லக் கூடாது. பிள்ளையின் துன்பம் அமானிதம். தேநீர்க் கடையில் அது பேச்சாகிவிட்டால், அடுத்த பிள்ளை வாய் திறக்காது. நமக்குத் தீர்க்கத் தெரியாததை 1098-க்குச் சொல்லிவிட வேண்டும். நாமே மருத்துவராகவும் காவலராகவும் ஆகிவிடக் கூடாது. நம் முஹல்லாவைச் சேராத பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது என்று செயலாளர் முன்பே என்னிடம் கேட்டார். அதே வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருக்கும் பிள்ளை அது. என்ன கேள்வி என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

என் பங்குக்கு நான் செய்யத் தொடங்கியிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்தப் வருகைப் பதிவேட்டில் ஒரு பத்தி கூட்டியிருக்கிறேன். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயருக்கு நேரே காரணம் எழுத வேண்டும். காரணம் தெரியாவிட்டால் அன்று மாலையே அந்த வீட்டுக்கு நான் போக வேண்டும். சென்ற மாதம் அப்படி ஆறு வீடுகளுக்குப் போனேன். நான்கு வீடுகளில் வெறும் காய்ச்சல், கல்யாணம். ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பார்வை மங்கல். எழுத்து தெரியாததால் ஓத வெட்கப்பட்டிருக்கிறான், பள்ளியிலும் கடைசி இருக்கையில் இருந்து கரும்பலகை தெரியாமலே ஓராண்டு ஓட்டியிருக்கிறான். கண்ணாடி வாங்கியாயிற்று. ஆறாவது வீட்டைப் பற்றி மேடையில் பேச முடியாது. இஷாவுக்குப் பிறகு அலுவலக அறையில் இருப்பேன். அந்த இரண்டு பேரில் ஒருவராக இருக்க முன்வருபவர் இன்றைக்கே வந்தால் நல்லது. ஆறாவது வீட்டுக்கு நாளைக் காலை போக வேண்டியிருக்கிறது. வஸ்ஸலாம்.